மாரீஸ்வரியின் முன்கால்

ஆகஸ்ட் 4, திங்கள்

பல வருடங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் விசை பற்றி நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "டீச்சர், நாம நடக்கிறப்ப நம்மள முன்னாடி தள்ளுறது யாரு?" வகுப்பே சிரித்தது. "தரைதான். நீ காலால் தரையைப் பின்னுக்குத் தள்ளுகிறாய், தரை உன்னை முன்னுக்குத் தள்ளுகிறது. நம்பிக்கை இல்லையென்றால் எண்ணெய் சிந்திய தரையில் நடந்து பார்" என்றேன். மறுநாள் முழங்கையில் பிளாஸ்திரியோடு வந்தாள். நிஜமாகவே நடந்து பார்த்திருக்கிறாள்.

இன்று மைதானத்தில் அவள் நினைவு வந்தது. எல்லோரும் பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. பள்ளியின் பின்வாசலில் இருந்து என் வீடு இரண்டு நிமிட நடை. உடற்கல்வி ஆசிரியை சங்கரகோமதி போன வாரம் வந்து, "டீச்சர், நீங்க கணக்கும் சயின்ஸும் எடுத்த டீச்சர். எங்க சாஃப்ட்பால் பிள்ளைகளுக்கு ஸ்கோர் நோட்டு எழுதித் தாங்களேன். நான் விசிலும் ஊதி, பந்தும் பொறுக்கி, நோட்டும் எழுத முடியல" என்றாள். அவளோடு எட்டு வருடம் ஒரே ஸ்டாஃப் ரூமில் இருந்தவள் நான். மறுக்கத் தோன்றவில்லை. சும்மா இருப்பதும் போதும் என்றிருந்தது.

விளையாட்டு எனக்குப் புதிது. பந்து கிரிக்கெட் பந்தைவிடப் பெரியது. தரையில் குத்தாமல் நேரே வரும். எறிகிறவளை பிட்சர் என்கிறார்கள். கையை இடுப்புக்குக் கீழே ராட்டினம் போல ஒரு சுற்றுச் சுற்றி விடுகிறாள். நாற்பது அடிக்குச் சற்று அதிகமான தூரம். கண்ணை ஒருமுறை மூடித் திறப்பதற்குள் பந்து வந்துவிடுகிறது. அதற்குள் அடிக்கிறவள் முன்காலை ஒரு சிறு அடி எடுத்து வைத்து, இடுப்பைத் திருப்பி, பேட்டைச் சுழற்ற வேண்டும்.

அந்தச் சிறு அடியில்தான் மாரீஸ்வரி என் கண்ணில் பட்டாள். பதினோராம் வகுப்பு. ஒல்லி. பேட்டைத் தோளுக்கு மேல் தூக்கி நிற்கும்போது கொக்கு மாதிரி அசையாமல் நிற்கிறாள். பந்து வந்ததும் அத்தனை அசைவும் ஒரே நேரத்தில். நான்கு பந்து அடித்தாள். நான்கும் பறந்தன. ஆனால் நான்கும் இடப்பக்கக் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தன. அதற்குப் பெயர் ஃபவுல். நோட்டில் நான்கு முறை ஒரே எழுத்தை எழுதினேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஒன்பது நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்தது. இன்று மைதானத்துக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

மாரீஸ்வரியின் அம்மா பொன்னுத்தாயைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிக்காய் விற்கிறவர். கூடையோடு மைதானத்து வேலியோரம் நின்றிருந்தார். நான் ஆசிரியை என்று கோமதி சொன்னதும் என் பக்கம் வந்துவிட்டார்.

"டீச்சர், நீங்களாச்சும் சொல்லுங்க. போன வருசம் முழங்கையில பந்து பட்டு ஒரு மாசம் கட்டுப் போட்டிருந்தா. காலாண்டுப் பரீட்சையில பாதி எழுதல. இந்த வருசந்தான் கடேசி. முப்பதாந் தேதி விருதுநகர்ல மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்காங்களாம். எடுத்தா ஆடட்டும். எடுக்கலன்னா பேட்ட அந்த மிஸ்கிட்டக் குடுத்துட்டு சாயங்காலம் அக்கவுண்ட்ஸ் டியூசனுக்குப் போகணும். அவகிட்டயே சொல்லிட்டேன்."

"அவள் என்ன சொன்னாள்?"

"என்னத்தச் சொல்லுவா? 'சரிம்மா'ன்னா. அவ 'சரிம்மா'ன்னா சரிதான், டீச்சர். சொன்னா கேக்குற பிள்ள."

எனக்கு இரண்டு வெள்ளரிக்காய் கொடுத்துவிட்டுப் போனார். மிளகாய்ப்பொடி தடவித் தின்றேன். இன்னும் இருபத்து நான்கு நாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்.

நேற்று மாலை தூறல். இன்று காலை கரிசல் மண் ஈரமாக, அப்பளமாவு போல இருந்தது. பயிற்சி முடிந்ததும் அடிக்கிற இடத்தில் குனிந்து சுவடுகளைப் பார்த்தேன். பின்கால் சுவடு ஒரே இடத்தில் திருகிக் குழி விழுந்திருந்தது. முன்கால் சுவடுகளோ நேரே பிட்சரை நோக்கிப் போகாமல், முதுகுப் பக்கமாக ஒதுங்கி ஒதுங்கி விழுந்திருந்தன. பந்து வரும்போதெல்லாம் பிள்ளை பந்தைவிட்டு விலகி அடி வைக்கிறாள். உடம்பு ஒரு பக்கம் ஓட, கை மட்டும் பந்துக்கு எட்டுகிறது. பந்து கோட்டுக்கு வெளியே போகாமல் என்ன செய்யும்?

முழங்கையில் பட்ட அடி. கைக்கு வலி போய்விட்டது, காலுக்கு இன்னும் போகவில்லை.

கோமதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அட, ஆமா டீச்சர்! நான் ஒரு வருசமா 'தோள மூடு, வெளிய திருப்பாத'ன்னு கத்திக்கிட்டு இருக்கேன். நீங்க எட்டு நாள்ல மண்ணுல படிச்சுட்டீங்களே" என்றாள். எட்டு நாள் இல்லை, ஐந்து நாள்தான். திருத்தவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

முன்கால் விழவேண்டிய இடத்துக்கு ஓர் அடையாளம் போட்டுவிட்டால் போதும் என்று தோன்றியது. சுண்ணாம்புப்பொடி கோமதியின் அறைக்குள் பூட்டியிருந்தது. தெருமுக்குக் கடையில் கோலப்பொடி வாங்கினேன், வெள்ளை ஒன்று, ரோஸ் ஒன்று. எங்கள் வீட்டில் கோலம் போட்டுப் பழக்கமில்லை. கிறிஸ்துமஸுக்கு வாசலில் ஸ்டார் தொங்கவிடுவதோடு சரி. வட்டம் கோணலாக வந்தது. கோணலை மறைக்க நான்கு இதழ் வைத்துப் பூவாக்கினேன். நடுவில் ரோஸ் பொட்டு. பார்க்க அழகாகவே இருந்தது.

"இந்தப் பூவின்மேல் காலை வை. அவ்வளவுதான். பேட்டைப் பற்றி யோசிக்காதே" என்றேன்.

மாரீஸ்வரி பூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரி, டீச்சர்."

அடிக்கிறவளுக்குப் பின்னால் கேட்சராக உட்காரும் அஃப்ரின் முகக்கவசத்தைத் தூக்கிவிட்டுச் சொன்னாள்: "ஏ மாரீஸ், ஒனக்கு மட்டும் பூவாடீ? எனக்கு ஒரு மயில் போட்டுத் தாங்க டீச்சர். அதுமேல உக்காந்துக்கிறேன்."

பன்னிரண்டு பந்துக்கு ஒன்பது முறை கால் பூவின்மேல் விழுந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

பன்னிரண்டுக்குப் பதினொன்று. முன்கால் நேரே போகிறது. எத்தனை சீக்கிரம் பிடித்துக்கொண்டாள்! நாற்பது பேர் வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் போதும், அந்த வருடம் முழுக்க ஆசிரியருக்குத் தெம்பு.

இன்று பச்சைப் பொடி வாங்கிப் போட்டேன்.

அடித்தது இரண்டு.

ஆகஸ்ட் 13, புதன்

சுவடுகளை அளந்தேன். எல்லா அடியும் ஒரே நீளம், ஒரு சாண் மூன்று விரல். இன்னொன்றும் கவனித்தேன். முன்பு அவள் காலடி மண்ணில் அழுந்தப் பதியும். இப்போது பூவிதழ்கூடக் கலையாமல் நுனிவிரல் மட்டும் லேசாகப் பதிகிறது. எவ்வளவு மென்மை! கோமதியும் "முன்கால் மெதுவாத்தான் விழணும், டீச்சர். முட்டை மேல வைக்கிற மாதிரி" என்றாள்.

அடித்தது ஒன்று. மற்றதெல்லாம் பந்து கேட்சர் கையில் விழுந்த பிறகு பேட் சுற்றுகிறது.

பென்சில் பிடிக்கும் விதத்தை மாற்றினால் பிள்ளைகளின் கையெழுத்து பத்து நாளைக்குக் கெட்டுத்தான் போகும். பிறகுதான் திருந்தும். இதையே மாரீஸ்வரியிடம் சொன்னேன். "சரி, டீச்சர்" என்றாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். பழைய மாணவிகள் இரண்டு பேர் அடையாளம் கண்டு வந்து பேசினார்கள். ஒருத்தி வங்கியில் இருக்கிறாளாம். ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். பயிற்சி இல்லை.

ஆகஸ்ட் 16, சனி

ராஜபாளையத்துப் பள்ளி ஒன்றோடு நட்பு ஆட்டம். மாரீஸ்வரி மூன்று முறை இறங்கி மூன்று முறையும் அடிக்காமல் அவுட். எதிரணியின் பிட்சர் அப்படியொன்றும் வேகமில்லை.

ஆட்டத்துக்கு நடுவே பூப் போட நடுவர் அனுமதிக்கமாட்டார் என்பதால் மனதுக்குள் பூவை நினைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அவள் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் தரையை ஒரு பார்வை பார்த்ததைக் கண்டேன். சொன்னபடி செய்கிறாள்.

முறுக்கு சுற்ற உளுந்து வறுத்தேன். கொஞ்சம் கருகிவிட்டது.

ஆகஸ்ட் 18, திங்கள்

கோமதி இன்று அடிக்கும் வரிசையில் மாரீஸ்வரியை மூன்றாம் இடத்தில் இருந்து எட்டாம் இடத்துக்கு மாற்றினாள். நோட்டில் அந்த வரிசையை எழுதியது என் கைதான்.

"டீச்சர், தேர்வு நடத்துறவங்க காலைப் பாத்து மார்க் போட மாட்டாங்க. பந்து எங்க போகுதுன்னுதான் பாப்பாங்க" என்றாள் கோமதி. குரலில் கோபமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"கால் சரியாகிவிட்டது கோமதி. அடி பின்னாலேயே வரும்" என்றேன்.

"பன்னெண்டு நாள் இருக்கு, டீச்சர்."

பன்னிரண்டு நாள் போதும். ஒரு பருவத் தேர்வையே பன்னிரண்டு நாளில் திருத்தியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 20, புதன்

மஞ்சள் பொடி. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. அடித்தது ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாரீஸ்வரி ஏழாவது பந்தையும் விட்டாள். பிட்சர் புதுப் பந்து எடுக்கப் போன நேரத்தில் பொன்னுத்தாய் மைதானத்துக்குள் வந்தார். மகள் டிபன் டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டாளாம். தலையில் கூடை, கையில் டப்பா, பஸ்ஸுக்கு அவசரம். நேரே நடந்து வந்தவர் மாரீஸ்வரிக்கு முன்னால் வந்ததும் காலை ஒரு கணம் நிறுத்தி, பூவைச் சுற்றி இரண்டு அடி அதிகமாக வைத்து, மகளிடம் டப்பாவைக் கொடுத்தார். கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. கால் தானாக விலகிப் போனது.

அதற்குள் அஃப்ரின் எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டு பூமேல் வந்து நின்றாள்.

"ஏ பிள்ள, கோலத்த மிதிக்காத, தள்ளி நில்லு" என்றார் பொன்னுத்தாய்.

"ஆத்தா, இது கோலமில்ல. மாரீஸ் கால் வைக்கிற எடம்."

"எதுவா இருந்தா என்ன? பூவாட்டம் எம்புட்டு அழகா போட்டிருக்கு. மிதிக்கவா போடுவாக?" என்று சொல்லிவிட்டு, மகளைப் பார்த்து, "ஒழுங்காச் சாப்பிடு" என்றபடி வந்த வழியே போனார். போகும்போதும் அதே இரண்டு அடி சுற்றி.

மாரீஸ்வரி தலையைக் குனிந்து கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த ஐந்து பந்துக்கும் நான் சுவட்டைப் பார்க்கவில்லை, காலையே பார்த்தேன். பந்து கிளம்புகிறது. கால் எழுகிறது. பூவுக்கு ஒரு விரற்கடை மேலே வந்ததும் அந்தக் கால் நிற்கிறது. ஓர் இமைப்பொழுது. பிறகு நுனிவிரலை மட்டும் மெல்ல வைக்கிறது. அதற்குள் பந்து போய்விட்டது.

அந்த ஐந்து பந்துக்கு நோட்டில் ஒன்றும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மீதிக் கோலப்பொடியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 23, சனி

சீக்கிரமே போனேன். மாரீஸ்வரி எனக்கு முன்பே வந்து தனியாகப் பேட்டைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். தரையில் பழைய பூவின் மஞ்சள் கறை இன்னும் இருந்தது. என் செருப்பால் தேய்த்து அழித்தேன். அவள் பதறிவிட்டாள்.

"ஏன் டீச்சர்?"

"அந்தப் பூவை மிதிக்க உனக்குக் கூச்சமாக இருந்ததா?"

தலையை மட்டும் ஆட்டினாள்.

"என்றிலிருந்து?"

"மொத நாள்ல இருந்தே, டீச்சர். சின்னப் பிள்ளையில வாசக்கோலத்த மிதிச்சா அம்மா முதுகுல ஒண்ணு வைக்கும். மிதிக்கணும்னு நெனச்சாலும் கால் எறங்க மாட்டேங்குது. ஒரு செகண்டு யோசிக்குது. அப்புறந்தான் எறங்குது."

"என்னிடம் சொல்லியிருக்கலாமே?"

பேட்டின் பிடியைத் திருகினாள். "நீங்க ஆசையாப் போட்டீங்க, டீச்சர். நாளுக்கு ஒரு கலரு. குனிஞ்சு எந்திரிக்க முடியாம இடுப்பப் பிடிச்சுக்கிட்டு. எப்படிச் சொல்றது?"

முப்பத்து நான்கு வருடம் பாடம் நடத்தியவள் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னதைச் செய்கிற பிள்ளையைப் பாராட்டத்தான். பன்னிரண்டு நாளும் அவள் சுவட்டை அளந்தேன். சுவடு கால் எங்கே விழுந்தது என்பதைச் சொல்லும். எப்போது விழுந்தது என்பதைச் சொல்லாது. அதைப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். கோமதி வந்ததும் அவளிடமும் இதைச் சொன்னேன். அவள், "விடுங்க டீச்சர். கால் இப்ப நேராப் போகுதுல்ல? அது உங்க பூவாலதான்" என்றாள். அப்படிச் சொல்ல அவளுக்குப் பெரிய மனது.

அப்புறம் மாரீஸ்வரியிடம், "இனி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நீயே பார். உனக்கு எது சரியாகப் படுகிறதோ அதைச் செய்" என்றேன்.

இம்முறை அவள் "சரி, டீச்சர்" என்று சொல்லவில்லை. "பாக்குறேன்" என்றாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

அஃப்ரினும் அவளும் தாங்களாகவே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அஃப்ரின் பிட்சர் இடத்தில் நின்று பந்தே இல்லாமல் கையை மட்டும் சுற்றுகிறாள். கை இடுப்பைத் தாண்டும்போது மாரீஸ்வரியின் முன்கால் தரையில் இருக்க வேண்டும். பிந்தினால் அஃப்ரின் "டொய்ங்" என்று கத்துகிறாள். முந்தினாலும் "டொய்ங்".

"டொய்ங்! ஏ, கோயில் மாடு கூட ஒனக்கு முன்னாடி கால வைக்கும்டீ."

"கையச் சுத்துடீ மொதல்ல. மாவாட்டுற மாதிரி சுத்துறா."

ஐம்பது முறையாவது செய்திருப்பார்கள். இருவரும் சிரித்துக்கொண்டே செய்தார்கள். நான் எண்ணவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இன்று கண்டதை எழுத எனக்குச் சரியான சொற்கள் வேண்டும்.

பந்து பிட்சரின் கையை விட்டுக் கிளம்பும்போதே மாரீஸ்வரியின் முன்கால் தரையில் இருக்கிறது. நேராக, சிறியதாக. கால் வந்துவிட்டது, ஆனால் உடம்பு வரவில்லை. எடை முழுவதும் பின்காலில் தேங்கி நிற்கிறது. கைகள் தோளருகே காத்திருக்கின்றன. பிறகு பின்காலின் குதிகால் எழுந்து, கால்விரல்கள் மண்ணைத் திருகுகின்றன. அந்தத் திருகல் முழங்காலுக்கு ஏறி, இடுப்புக்கு ஏறி, கடைசியில்தான் கைக்கு வருகிறது. காம்பஸால் வட்டம் போடும்போது முள் ஊன்றிய பிறகுதானே பென்சில் சுற்றும்? முள் ஊன்றுவதற்குள் சுற்றினால் வட்டம் வராது. இத்தனை நாள் காம்பஸ் சொல்லிக்கொடுத்தவளுக்கு இது இன்றுதான் கண்ணில் பட்டது.

பந்து வலப்பக்கம் வந்தது. அவள் உடம்பில் இருந்து மிகத் தள்ளி. மூன்று வாரத்துக்கு முன்னால் அது அவளுக்கு எட்டாத பந்து. இன்று எட்டியது. அடிபட்ட சத்தம் பழுத்த புளியம்பழத்தின் ஓடு உடைவது போல இருந்தது.

கேட்டேன்: "இப்போது என்ன வித்தியாசம்?"

"முன்னாடி எல்லாம் கால் வைக்கிறப்ப கண்ணும் ஆடும், டீச்சர். பந்து மங்கலா வரும். இப்ப கால் வச்ச பெறகுதான் பந்தே தெரியுது. தையல்கூடத் தெரியுது."

பந்தின் தையல் தெரிகிறதாம்! அவள் பொய் சொல்கிற பிள்ளை இல்லை.

பன்னிரண்டுக்கு ஏழு.

ஆகஸ்ட் 28, வியாழன்

கோமதி அவளை மறுபடி மூன்றாம் இடத்தில் போட்டாள். நோட்டில் எழுதினேன். பேனா மக்கர் பண்ணியது, இரண்டு முறை எழுத வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 30, சனி

விருதுநகர். காலை ஆறரை பஸ். எங்கள் பள்ளியில் இருந்து நான்கு பேர், கோமதி, நான். தேர்வுக்கு வந்தவர்கள் அறுபத்திரண்டு பேர். எடுக்கப் போவது பதினாறு.

இரண்டிரண்டு அணியாகப் பிரித்து ஆடவிட்டார்கள். ஒவ்வொருத்திக்கும் இரண்டு முறை அடிக்க வாய்ப்பு. எதிரில் எறிந்தது சிவகாசிப் பிள்ளை ஒருத்தி. பார்வைக்கு ஒரே மாதிரி கையைச் சுற்றுகிறாள்; ஒரு பந்து அம்பாக வருகிறது, அடுத்தது நடந்து வருகிறது. அந்த மெதுப்பந்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அப்பாக்களே ஏமாந்தார்கள்.

மாரீஸ்வரி முதல் முறை இறங்கினாள். வேகப்பந்து இரண்டைத் தொட்டாள், இரண்டும் ஃபவுல். மூன்றாவது மெதுப்பந்து. கால் சரியாகத்தான் வந்தது. ஆனால் காலோடு சேர்ந்து உடம்பும் முன்னால் சாய்ந்துவிட்டது. பந்து வந்து சேர்வதற்குள் பேட் சுற்றி முடிந்துவிட்டது. அவுட்.

வேலிக்கு வெளியே என்னைத் தாண்டித்தான் போனாள். கண் கலங்கியிருந்தது. அவள் செய்த தவறு எனக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. காம்பஸ் உதாரணம் நாக்கு நுனியில் நின்றது. முள் ஊன்றினால் போதாது, பென்சிலை நிறுத்தி வைக்க வேண்டும். ஒரே வாக்கியம். சொல்லியிருக்கலாம்.

கோமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சொல்றதுக்கு ஒண்ணும் இல்லையா டீச்சர்?"

"இல்லை."

"நெஜமாவா?"

"தண்ணீர் பாட்டிலைக் கொடு."

பாட்டிலை மாரீஸ்வரியிடம் நீட்டினேன். குடித்தாள். பிறகு தானாக அஃப்ரினை இழுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். அஃப்ரின் கையைச் சுற்றினாள். மாரீஸ்வரி காலை மட்டும் வைத்து, பேட்டை அசைக்காமல் நின்றாள். அஃப்ரின் வேண்டுமென்றே சுற்றை நிறுத்தி, நாக்கைத் துருத்தி, தலையைச் சொறிந்து, "இன்னும் வரல, இன்னும் வரல, பஸ்ஸு பஞ்சர்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மாரீஸ்வரி சிரிப்பை அடக்கிக்கொண்டு அசையாமல் நின்றாள். பத்து நிமிடம் இதுவே.

இரண்டாம் முறை. ஓடித் தொடவேண்டிய மூலைகளை பேஸ் என்கிறார்கள்; அவற்றில் இரண்டில் இரண்டு பேர் ஓடத் தயாராக நிற்கிறார்கள். முதல் பந்து வேகம், வெளியே போனது, விட்டுவிட்டாள். இரண்டாவது சரியான உயரத்தில் வந்தும் அடிபடவில்லை, அதாவது ஸ்ட்ரைக். மூன்றாவதில் அந்தச் சிவகாசிப் பிள்ளை அதே மெதுப்பந்தைப் போட்டாள்.

முன்கால் இறங்கியது. மண்ணில் நன்றாக அழுந்தி இறங்கியது. உடம்பு பின்னாலேயே நின்றது. பந்து வந்துகொண்டிருந்தது. கைகள் காத்தன. பந்து இன்னும் வந்துகொண்டிருந்தது. என் பக்கத்தில் யாரோ "அடிடீ" என்று கத்தினார்கள். அவள் அடிக்கவில்லை. இன்னும் காத்தாள். ஒரு மனுஷி அத்தனை சிறிய நேரத்துக்குள் அத்தனை பொறுமையாக இருக்க முடியும் என்று எனக்கு அறுபத்தோரு வயதுவரை தெரியாது.

பிறகு பின்குதிகால் எழுந்தது.

பந்து முதல் பேஸுக்கும் இரண்டாம் பேஸுக்கும் நடுவே தாழப் பறந்து, வலப்பக்கக் கோட்டுக்கு உள்ளே, உள்ளே, விழுந்து ஓடியது. இரண்டு பேரும் ஓடி வந்து சேர்ந்தார்கள். மாரீஸ்வரி இரண்டாம் பேஸில் போய் நின்று மூச்சு வாங்கினாள். நான் ஸ்கோர் எழுதவில்லை என்பது கோமதி நோட்டை வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

மூன்று மணிக்குப் பட்டியல் வாசித்தார்கள். பத்தாவது பெயர்: பொ. மாரீஸ்வரி. பதினான்காவது அஃப்ரின்.

பஸ்ஸில் இருந்தே அம்மாவுக்குப் போன் போட்டாள். சத்தம் எனக்கும் கேட்டது.

"எடுத்துட்டாங்கம்மா."

"நெஜமாவா? பேர் வாசிச்சாங்களா? தப்பா வேற மாரீஸ்வரியா இருக்கப் போகுது."

"இல்லம்மா, எம்பேருதான். இனிசியலோட."

பஸ் ஸ்டாண்டு இரைச்சலுக்கு மேல் அம்மாவின் குரல்: "சரி. ஸ்டேட்டு மேட்ச் முடிஞ்ச மறுநாளே டியூசன்."

"சரிம்மா" என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் கோமதி வீட்டுக்கு வந்தாள். ஒன்பதாம் வகுப்பில் இருந்து பதினோரு புதுப் பிள்ளைகள் அணியில் சேர்கிறார்களாம். "டீச்சர், நீங்க தனியா டைரி மாதிரி எழுதுறீங்கன்னு அஃப்ரின் சொன்னா. அதப் பிள்ளைகளுக்குப் படிக்கக் குடுங்களேன். முன்காலைப் பத்தி என்னைவிட நீங்க நல்லாச் சொல்லுவீங்க."

ஒன்பதாம் தேதியில் இருந்து இருபதாம் தேதிவரை உள்ள பக்கங்களைக் கிழித்துவிட்டுக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். ஸ்கேலை வைத்து மடித்துக்கூடப் பார்த்தேன். பிறகு அப்படியே விட்டுவிட்டேன். நான் சரியாகச் சொன்ன நாளைவிட நான் தவறாகச் சொன்ன நாட்களில்தான் மாரீஸ்வரி யாரென்று தெரிகிறது. அத்தனை நாளும் ஒரு கிழவியின் ஆசைக்காகத் தன் அடியை விட்டுக்கொடுத்தவள், விட்டுக்கொடுக்க வேண்டாம் என்றதும் நான்கு நாளில் தன் அடியைத் தானே கண்டுபிடித்தாள்.

ஆகவே, இதைப் படிக்கும் பிள்ளைக்கு ஒன்றே ஒன்று. என் பேச்சை நம்ப வேண்டாம், செய்து பார். உன் சிநேகிதியை ஒரு காகித உருண்டையை உன்னை நோக்கி எறியச் சொல்; அது அவள் கையை விட்டுக் கிளம்பும் முன் உன் முன்காலைத் தரையில் ஊன்றிவிட்டு, உருண்டை உன் அருகே வரும்வரை கையை அசைக்காமல் நில்.